வானத்துத் தகவல் வார்டுக்கு வரட்டும்

இந்திய விண்வெளித் திட்டம் என்றதும் பலருக்கும் சந்திரயான்தான் நினைவுக்கு வரும். ஆனால், சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையையும் மின்சார ரயிலையும் நம்பிப் பிழைப்பு நடத்தும் மக்களுக்கு அன்றாடம் கைகொடுப்பவை, பூமியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களே. அவற்றுக்கான செலவு நியாயமானது. அவை திரட்டும் தகவல் ஊர் மட்டத்துக்கு வந்து சேராமல் போவதுதான் வீண்.

வானிலையை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால், இந்தியாவை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் படக்கருவி 6 அலைவரிசைகளில் மேகங்களைப் படம் பிடிக்கிறது. அவற்றில் அகச்சிவப்பும் உண்டு என்பதால் இரவிலும் வேலை நிற்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று வானிலையாளர்கள் கணிக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியபோது இந்தியாவிடம் இப்படியொரு கண் இல்லை; பயணிகளுடன் வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலோ, நடுக்கடலில் இருந்தபோதே கண்காணிக்கப்பட்டது.

கடலுக்குப் போகும் மீனவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடல் நீரின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பநிலையையும் செயற்கைக்கோள் மூலம் அறிந்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் அறிவிக்கிறது. 2017-ல் ஒக்கி புயலில் மீனவர்கள் ஆழ்கடலில் தவித்தபோது, செல்போன் எட்டாத தொலைவில் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லை. அதன்பின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன.

பசியும் வேலையின்மையும் உள்ள நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி பழையது, கேட்கப்பட வேண்டியதும்கூட. 2025-26 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 13,400 கோடி ரூபாய். மொத்தச் செலவு 50 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. அதாவது, அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் விண்வெளிக்குப் போவது சுமார் 26 காசு. புயலுக்கு முன்பே மக்களை அப்புறப்படுத்த முடிகிறது என்ற ஒன்றுக்காகவே இதைக் கொடுக்கலாம்.

குறை இருப்பது தரையில். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து பெருகிவந்த அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. இன்றும் வானிலைத் துறையின் வண்ண எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்குமாகவே வருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால், அது தாம்பரத்துக்கும் மதுராந்தகத்துக்கும் ஒன்றுதான். தன் தெருவில் தண்ணீர் ஏறுமா, வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா என்று தவிப்பவருக்கு அதில் பதில் இல்லை.

பதிலுக்கு வேண்டிய தகவல் பெருமளவு கையிருப்பில் இருக்கிறது. 2022-ல் ஏவப்பட்ட இ.ஓ.எஸ்-04 செயற்கைக்கோளின் ரேடார், மேகத்தை ஊடுருவித் தேங்கிய வெள்ளத்தைக் காட்டும். கார்ட்டோசாட்-3, தரையில் கால் மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும். பல ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்த்தால், எந்த ஏரியின் நீர்ப்பரப்பு சுருங்கியது, எந்தக் கால்வாய் வீட்டுமனைகளுக்கு அடியில் போனது என்பது தெரிந்துவிடும்.

எனவே அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஏரி, கால்வாய்களின் செயற்கைக்கோள் வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் முன் அந்த வரைபடத்தோடு ஒப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். வெள்ள எச்சரிக்கையை வார்டு வாரியாகச் செல்போனுக்கு அனுப்ப வேண்டும். இவற்றுக்குப் புதிய ராக்கெட் தேவையில்லை. விண்வெளித் துறையும் வருவாய்த் துறையும் உள்ளாட்சிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.