அருந்ததியைப் பார்த்தது யார்?

போன வைகாசியில் எக்கியார்குப்பத்தில் ஒரு கல்யாணம். என்னோடு கல்லூரியில் படித்த பெண், மீனவக் குடும்பம். பகல் பத்தரை மணிக்கு முகூர்த்தம். அம்மி மிதித்தாகிவிட்டது. ஐயர் பந்தலுக்கு மேலே கையைக் காட்டி, "அருந்ததி பாத்துக்கோம்மா" என்றார். மண்டையைப் பிளக்கிற வெயில். அவளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தெரிந்த மாதிரி தலையாட்டினாள்.

பெண்ணைப் பெற்றவள் மணவறைப் பக்கமே வரவில்லை. புருஷன் போனபிறகு மீன்கூடை சுமந்து இவளைப் படிக்கவைத்தவள் அவள்தான். மங்கல காரியத்தில் தாலியறுத்தவள் முன்னால் நிற்கக்கூடாதாம். பின்னால் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தாள். 2023 மே மாதம் மெத்தனால் சாராயம் குடித்து எக்கியார்குப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வீடுகளிலும் பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்பார்கள். அங்கேயும் அம்மாக்கள் பின்னால்தான் நிற்பார்களா? மன உறுதிக்கு வானத்தில் அடையாளம் காட்டுகிறவர்களுக்கு, பந்தலுக்குப் பின்னால் நிற்கிற உறுதி ஏன் கண்ணில் படவில்லை?

இந்தக் கேள்வியோடுதான் இலக்கியத்துக்குள் போனேன்.

கற்புக்கு வடமீனை உவமை சொல்வது சங்கப் பாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையில் அந்த உவமை பார்ப்பனர் வீட்டு மனைவிக்கு. புறநானூறு 122ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியின் கொடையைப் புகழ்கிறார். நாடு அந்தணருக்கு, வந்த பொருள் இரவலருக்கு, உன்னுடையது என்று சொல்ல வடமீன் போன்ற கற்புள்ள மனைவியின் தோள் மட்டும்தான் என்கிறார். தமிழாசிரியர்கள் உருகி உருகிப் பாடம் நடத்துகிற பாட்டு. எனக்கோ சொத்துப் பத்திரம் படிக்கிற மாதிரி இருக்கிறது. நிலம், பொருள், பெண்ணின் தோள் எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. சிலப்பதிகாரத்தில் பெருவணிகன் மகள் கண்ணகிக்கு அந்த நட்சத்திரம் கிடைக்கிறது. பார்ப்பான் வழிகாட்டத் தீவலமும் நடக்கிறது.

அதே காப்பியத்தில் மாதரி என்றொரு இடைச்சி இருக்கிறாள். மோர் விற்றுப் பிழைப்பவள். கண்ணகியை அடைக்கலமாக ஏற்றாள். காப்பாற்ற முடியாமல் போனதும் தீயில் விழுந்து செத்தாள். கொடுத்த வாக்குக்காக உயிரை விட்டவளுக்கு ஒரு மினுக்கட்டாம்பூச்சியைக்கூட உவமையாகத் தரக் காணோம். கண்ணகிக்குக் கோயில், மாதரிக்கு ஒரு செய்தி. நந்தனுக்கும் தீயைத்தான் காட்டினார்கள். அவனுடைய பக்தி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே விட்டார்கள். நம்மவர் விசுவாசத்துக்கு இலக்கியம் கொடுத்த கூலி இதுதான்.

எங்கள் கரைக்கே வருகிறேன். சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் மரக்காணம் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் சபையில் வீற்றிருப்பதை விண்மீன்களுக்கு நடுவே நிலா என்கிறார் புலவர். அவன் சோறு போடுகிற பொற்கலத்துக்கும் வானத்திலிருந்துதான் உவமை வருகிறது. அதே பாட்டில் பாணன் வீட்டு அடுப்படியும் வருகிறது. கூரை இற்ற வீடு, குட்டி போட்ட நாய், பசி. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். உமணர் வண்டி வண்டியாக உப்பு ஏற்றிப்போகிற பாட்டில் அவளுக்குக் கீரைக்கு உப்பில்லை! எழுதின புலவரை நான் குறைசொல்ல மாட்டேன். கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். ஆனால் நட்சத்திரத்தை அரண்மனைக்கு வைத்துவிட்டுப் பசியை மட்டும் இந்த வீட்டுக்கு வைத்தார் பாருங்கள், அந்தப் பங்கீடு ரெண்டாயிரம் வருஷமாக மாறவில்லை.

சரி, யார் இந்த அருந்ததி? மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் அட்சமாலை என்பவளைப் பற்றிப் பேசுகிறது. தாழ்ந்த பிறப்பினள், வசிட்டனோடு சேர்ந்ததால் மதிப்புப் பெற்றாள் என்கிறது. அந்த அட்சமாலைதான் அருந்ததி என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அசுவகோசரின் புத்தசரிதம் அவளை மாதங்கிப் பெண் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, ஊருக்கெல்லாம் கற்புக் காட்டுகிற நட்சத்திரம் சேரியிலிருந்து போனவள். ஆனால் பெருமை அவளுக்கு இல்லை, புருஷனுக்கு. ஆறு கடலில் கலந்து கடலின் குணம் பெறுவதுபோலப் பெண் புருஷன் குணம் பெறுவாள் என்பது அதற்கு மனு சொல்கிற உவமை. உப்பளத்துக்காரி மகளான என்னிடம் இதைச் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. கடலில் கலந்த ஆத்துத்தண்ணி குடிக்க ஆகுமா?

அவள் பேரைத் தங்கள் பேராகச் சொல்லிக்கொள்கிற சமூகம் ஒன்று இருக்கிறது. தினம் காலையில் பந்தலில் அருந்ததி காட்டுகிற இந்த ஊர், அருந்ததியர் கையில் துடைப்பத்தையும் மலவாளியையும் கொடுத்தது. 1993இலும் 2013இலும் சட்டம் போட்டபிறகும் சாக்கடைக்குழியில் சாவு நிற்கவில்லை. 2009இல் தமிழக அரசு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் உள் ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதை எதிர்த்த குரல்களில் என்னைப் போன்ற பறையர் வீட்டுக் குரல்களும் இருந்தன. வெட்கத்தோடு இதைப் பதிவுசெய்கிறேன். அருந்ததியை வானத்தில் வைத்துக் கும்பிடுவது சுலபம். பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கத்தான் நமக்கும் மனசு வருவதில்லை.

இந்த நட்சத்திரம் வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அம்பேத்கர் 1916இல் எழுதிய 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை, சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியின் உயிர் என்று நிறுவுகிறது. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்த வேலியைக் காக்க வந்தவை என்கிறது. கற்பு நட்சத்திரம் அந்த வேலியின் மேல் ஏற்றிவைத்த விளக்கு. பெண் வேலி தாண்டினால் என்ன நடக்கும் என்பதை 2012 நவம்பர் 7இல் தருமபுரியில் பார்த்தோம். ஒரு காதல் கல்யாணத்துக்காக நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 25இல் மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா. நிலாவின் பேரில் கூட்டம் கூடிய அன்றைக்கு மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. வானத்தைக் காட்டிக் கூப்பிடும்போதெல்லாம் நம் கூரையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது நம் எழுத்துக்கு வருகிறேன். நம்மில் பலபேர் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறோம்: கண்ணகிக்குப் பதில் நம் அம்மாவை நட்சத்திரமாக்கிவிடுவது. நானும் செய்தேன். உப்பளத்தில் வேலைசெய்கிற என் அம்மாவை அருந்ததி என்று ஒரு கவிதை எழுதி அவளிடமே படித்துக்காட்டினேன்.

அம்மாவுக்கு அந்த நட்சத்திரம் தெரியும், பேர்தான் தெரியாது. மாசி, பங்குனியில் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரியாக வேண்டும் என்று விடிகாலை மூன்று மணிக்கே தூக்குச்சட்டியோடு கிளம்புகிறவள். அந்நேரம் வடக்கே ஏழு நட்சத்திரம் உசரத்தில் நிற்கும். வாலில் கடைசிக்கு முந்தினதை ஒட்டி மங்கலாக ஒன்று தெரியும். அதுதான் அருந்ததி. கல்யாணப் பெண் பார்க்காததை உப்பளத்துப் பெண்கள்தான் தினம் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது அங்கியே அசையாம நிக்குதுன்னு எவன் சொன்னான்? அதுவுந்தான் சாயுது. நா பாக்கறனே."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் விஞ்ஞானம். நம் கரையிலிருந்து பார்த்தால் அருந்ததி தினமும் உதித்து மறைகிற நட்சத்திரம். கார்த்திகையில் பொழுது சாய்ந்த பிறகு கண்ணிலேயே படாது. உப்பளம் மழைத்தண்ணியில் மூழ்கி அம்மாவுக்கு வேலையில்லாத மாதமும் அதுதான். நிலைத்து நிற்பது என்று அவர்கள் சொன்னதே பொய். அந்தப் பொய்யை ஏன் நாம் நம் அம்மாவுக்குச் சூட்ட வேண்டும்? நட்சத்திரமாக்கிவிட்டால் கூலி தர வேண்டியதில்லை, உப்புத்தண்ணியில் வெடித்த காலுக்கு மருந்து போட வேண்டியதில்லை. தியாகி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். புகழ்ச்சியும் ஒரு சுரண்டல்தான் தோழர்களே. அவள் உறுதியாக நிற்பது பக்தியால் இல்லை. வேறு போக்கிடம் விடாததால். அதைத்தான் எழுத வேண்டும்.

கவிதையைக் கிழித்துப்போட்டேன். அதற்குப் பதிலாக அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்: எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை பாத்தி வாரினாள், கையில் எவ்வளவு கொடுத்தார்கள், மழைக்காலத்தில் யாரிடம் கடன் வாங்கினாள். நீங்களும் உங்கள் அம்மாவை, ஆயாவைக் கேட்டு எழுதுங்கள். எந்த நட்சத்திரம் எங்கே நிற்கும்போது வேலைக்குப் போனார்கள், அது சாயும்போது எங்கே குனிந்திருந்தார்கள் என்று கேளுங்கள். அருந்ததி நமக்குச் சொல்கிற மணியை நாம் குறித்துவைப்போம்.