வளர்த்த நாயைத் தெருவில் விடாதீர்கள்



வீட்டு நாய்க்கு உரிமம் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்ததிலிருந்து நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரே கலக்கம். உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். அதோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும், தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். இதற்கே பயந்து, ஆசையாகத் தத்தெடுத்த நாயைக் கைகழுவிவிட நினைப்பவர்களிடம்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கழுத்துப்பட்டை உராய்ந்து முடி உதிர்ந்த தடத்தோடு, இறக்கிவிட்ட இடத்தைவிட்டு நகராமல் நிற்கும். பழகிய வண்டியைப் போல ஒன்று வந்தால் பின்னாலேயே ஓடும். அந்தத் தெரு நாய்களோ அதை அண்டவே விடாது. பசியும் தாகமும் வாட்டும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்! வளர்ப்பதற்கு உரிமம் எடுக்கவும் 50, நடுத்தெருவில் தள்ளிவிட்டுப் போனாலும் 50. இந்த நியாயத்தை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. தண்டனை இவ்வளவு சொற்பமாக இருக்கும்போது, மனசாட்சி ஒன்றுதான் காவல்.

'தெருவில் எடுத்ததுதானே, தெருவுக்கே போகட்டும்' என்பார்கள். தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் தெளிவாகவே சொல்லிவிட்டது. 'ஒரே ஒரு நாயால் ஊருக்கு என்ன வந்துவிடும்' என்ற சமாதானமும் எடுபடாது. 2024 கணக்கெடுப்பின்படியே சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. அவற்றில் கருத்தடை ஆனவை கால் பங்குக்குச் சற்றே கூடுதல். கருத்தடை செய்யாமல் விடப்படும் பெட்டை ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் இரண்டே மாதம். நாய்க்கடியைப் பற்றி நகரமே புலம்பிக்கொண்டிருக்கும்போது, அதற்குத் தீனி போடும் வேலையை நாய்ப் பிரியர்களே செய்யலாமா?

'அடுக்குமாடிச் சங்கம் விடமாட்டேன் என்கிறது' என்பது அடுத்த காரணம். அக்கம்பக்கத்தாரின் பயத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. வெளியே கூட்டிச் செல்லும்போது கயிற்றைப் பிடித்திருப்பதும், கழிவை அள்ளி அப்புறப்படுத்துவதும் வளர்ப்பவரின் கடமை. அதைச் செய்யாதவர்களுக்காக நாங்கள் வாதாட வரமாட்டோம். ஆனால் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டாலும் வீட்டில் நாய் வளர்ப்பதைச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. லிஃப்டில் ஏற்றக்கூடாது, குரைத்தால் காலி செய் என்று மிரட்டும் நிர்வாகிகள் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் நெருக்கடியால் வெளியேற்றப்படும் நாய் அதே வளாகத்து வாசலில்தான் வந்து நிற்கும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: உரிமம் எடுங்கள், தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப் மூன்றையும் முடித்துவிடுங்கள். நாய் தொலைந்தால் உங்களிடம் திரும்பிவர வழிசெய்வது அந்தச் சிப்தான். உண்மையிலேயே வளர்க்க முடியாத நிலை வந்தால், வேறொரு நல்ல வீடு பார்த்து, தடுப்பூசிப் புத்தகத்தோடு நேரில் ஒப்படையுங்கள். காப்பகத்து வாசலில் கட்டிவைத்துவிட்டு நழுவாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொள்ள முடியாதென்றால், தயவுசெய்து குட்டியைக் கையில் வாங்காதீர்கள். வாலாட்டும் வயதில் கொஞ்சிவிட்டு, வயதானதும் விரட்டுவது அன்பு ஆகாது.

யாராவது நாயை இறக்கிவிட்டுப் போவதைக் கண்டால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913-க்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். இனி நாங்களும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கப்போவதில்லை. 50 ரூபாய் அபராதம்தானே என்று நினைப்பவர்கள், வழக்கு அவர்கள் பெயரில்தான் பதிவாகும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தத்தெடுத்த நாய்களை வளர்க்கும் சென்னைக் குடும்பத்தினர்