வரப்பில் இறங்கிய கணினி

பாலித் தீவின் பாசன வாய்க்கால்களில் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும். அதில் ஒன்று அகலமும் ஒன்று குறுகலுமாக வாய்கள் வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டின் அகலம்தான் ஒவ்வொரு பாசனக் குழுவின் தண்ணீர்ப் பங்கு. 'சுபக்' எனப்படும் இந்தக் குழுக்கள், எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பதையெல்லாம் தண்ணீர்க் கோயில்களில் கூடித் தீர்மானித்துவந்தன.

1970களில் பசுமைப் புரட்சி அங்கே நுழைந்தது. புதிய ரக நெல், உரம், மூச்சுவிடாத நடவு. கோயில் முறை ஓரங்கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே புகையான் பூச்சி கூட்டம் கூட்டமாக இறங்கியது. பின்னாலேயே துங்ரோ நோய். நம் டெல்டா விவசாயிக்குப் புகையானைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

கோயிலில் நடப்பது வெறும் பூசை அல்ல, நீர் நிர்வாகம் என்றார் அங்கே கள ஆய்வு செய்த மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். பாசனத் திட்டக்காரர்களிடம் அது எடுபடவில்லை. அவர் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்தார். ஊஸ், பெதானு ஆறுகளை ஒட்டிய 172 சுபக்குகள் ஒரு கணினி மாதிரிக்குள் போயின.

சிக்கல் இதுதான்: எல்லாரும் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுத்தால், தரிசுக் காலத்தில் பூச்சிக்கு இரையில்லை, ஆனால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் தண்ணீர் பற்றாது. அவரவர் இஷ்டத்துக்கு நட்டால் தண்ணீர் கிடைக்கும். பூச்சி வயல்விட்டு வயல் தாவும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய கோயில்கள் வகுத்த அளவிலேயே, மாதிரியில் விளைச்சல் உச்சம் தொட்டது. அடுத்து, ஒவ்வொரு சுபக்கும் நல்ல மகசூல் கண்ட பக்கத்துக் குழுவைப் பார்த்து நடட்டும் என்று விட்டார்கள். யாரும் மேலிருந்து கட்டளையிடாமலே கோயில் வலைப்பின்னலைப் போன்ற ஒழுங்கு உருவானது. இது 1993இல் கட்டுரையாக வந்தது.

இந்த வெற்றியைக் கணினியின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. எந்தச் சுபக் எந்தக் கோயிலுக்குக் கட்டுப்பட்டது என்பதைச் செயற்கைக்கோள் படம் சொல்லாது. அதேபோல, லான்சிங் வெறும் வருணனையோடு நின்றிருந்தால் பொறியாளர் காதில் ஏறியிருக்காது. ஆனால் சமூகத்தைப் பற்றிய கணினி மாதிரிகள் பலவற்றில் கள ஆய்வாளருக்குக் கிடைப்பது தரவு கொண்டுவந்து கொடுக்கும் கூலியாள் இடம்தான். விதிகளை முடிவுசெய்யும் மேசையில் அவருக்கு நாற்காலி இருப்பதில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. அரிசோனாவின் லாங் ஹவுஸ் பள்ளத்தாக்கைக் கணினியில் மீட்டுருவாக்கியவர்கள் தொல்லியலாளர்களோடு சேர்ந்தே உழைத்தார்கள். 1300 வாக்கில் அங்கிருந்த பழங்குடியினர் முற்றாக வெளியேறிவிட்டனர். மாதிரியிலோ கொஞ்சம் பேர் தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் போதிய விளைச்சலும் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பழங்குடியினரைக் கிளப்பியது பஞ்சம் மட்டுமல்ல. இந்தக் கேள்வியைக் கணினி எழுப்பியது. பதிலைத் தேட மண்ணுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

பூட்டானின் லிங்முதேசுவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மேல்மடைக் கிராமமான லிம்புகா, வழக்கப்படி பூட்டான் நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் பத்தாம் நாளில்தான் கீழே உள்ள டொம்போலாவுக்குத் தண்ணீர் திறந்துவந்தது. நடவுக்குக் காத்திருப்பவர்களுக்கு அது தாமதம்; ஆண்டுதோறும் சண்டை. 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கணினி மாதிரியோடு ஒரு விளையாட்டையும் உருவாக்கி, இரு ஊர் விவசாயிகளையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். ஒரு சுற்றில் இடம் மாறச் சொன்னார்கள். மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரராக உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருந்தார்.