படகு கட்டத் தச்சராகப் பிறக்க வேண்டுமா?

நாற்காலியின் கால் ஆடினால் சுத்தியலை எடுத்துக்கொண்டு வருபவர்கூட, படகு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டு விடுவார். காரணம் எளிது. நாற்காலி கைவிட்டால் இடுப்பு வலிக்கும். படகு கைவிட்டால் ஆளே இருக்க மாட்டார். அதனால் படகு கட்டுவது பரம்பரையாக அந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று உலகமே நம்பியது. அந்த நம்பிக்கையில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று காட்ட, 11 அடி நீளம்கூட இல்லாத ஒரு சின்னஞ்சிறு பாய்மரப் படகு போதும். அதன் பெயர் மிரர்.

1950களிலும் 60களிலும் இங்கிலாந்தில் பாரி பக்னெல் என்பவர் பிபிசி தொலைக்காட்சியில் வெகு பிரபலம். கதவை மாற்றுவது, அலமாரி அடிப்பது போன்ற வேலைகளை ஆள் வைக்காமல் வீட்டுக்காரரே எப்படிச் செய்துகொள்ளலாம் என்று காட்டுவார். அவர் சாதாரண ஆள் வீட்டிலேயே கட்டக்கூடிய ஒரு படகை யோசித்தார். ஜாக் ஹோல்ட் என்ற அனுபவமுள்ள படகு வடிவமைப்பாளர் அதைச் செம்மைப்படுத்தினார். டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவு கொடுத்தது. பத்திரிகையின் நிறம் சிவப்பு என்பதால் பாயும் சிவப்பு. 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் அது அறிமுகமானது. பலகை முதல் பாய் வரை எல்லாம் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். அன்றைய தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு மாதக் கூலி.

இதில் என்ன அதிசயம்? பழைய முறையில் மரப்படகு கட்டுவதை நினைத்துப் பார்த்தால் புரியும். முதலில் அடிக்கட்டை. அதன்மேல் விலா எலும்புகள் போல வளைந்த சட்டங்கள். பிறகு பலகைகளை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையோடு இம்மி பிசகாமல் சேர வேண்டும். இது கண்ணும் கையும் பல ஆண்டுகள் பழகினால்தான் வரும் வித்தை.

மிரர் படகில் இந்தச் சிரமம் எதுவும் கிடையாது. 5 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகள் சரியான வடிவத்தில் வெட்டப்பட்டே பெட்டியில் வரும். விளிம்போரமாகச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரண்டு பலகைகளைச் சேர்த்துச் செம்புக் கம்பியால் தைத்து, குறடால் முறுக்க வேண்டியதுதான். தட்டையாகக் கிடந்த பலகைகள் முறுக்க முறுக்கத் தாமாகவே வளைந்து படகாக எழுந்து நிற்கும். வளைவு எங்கிருந்து வந்தது? விளிம்பு வெட்டப்பட்ட கோட்டிலேயே அது ஒளிந்திருக்கிறது. பிறகு தையல்மேல் ஃபைபர் கிளாஸ் பட்டையை ஒட்டி ரெசின் பூசினால், காய்ந்தபின் கம்பியின் வேலை முடிந்தது. படகு முழுவதும் ஒரே ஓடு போல இறுகிவிடும்.

பாய்மரத்தையும் ஒரே நீளக் கம்பாக வைக்காமல் இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் எல்லாக் கம்புகளும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். படகின் எடை சுமார் 45 கிலோ. இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரைமேல் வைத்துவிடலாம். இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியிருக்கின்றன. அவற்றில் எத்தனையோ படகுகள் வீட்டுக் கார் கொட்டகைகளில் பிறந்தவை. ஏ. ஜே. மக்கின்னன் என்ற ஆசிரியர் 1997இல் ஒரு பழைய மிரர் படகில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் கிளம்பி, ஆறுகளும் கால்வாய்களும் ஆங்கிலக் கால்வாயும் கடந்து, 1998இல் கருங்கடல் வரை போய்ச் சேர்ந்தார்!

இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் எல்லாரும் திடீரென்று தச்சர்களாகி விட்டார்களா? இல்லை. வேலையில் இருந்த கஷ்டத்தை வடிவமைப்பாளர்கள் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். கட்டுபவரின் கையில் இருக்க வேண்டிய திறமை, வரைபடத்துக்குள் போய்விட்டது. 'இது உனக்கு வராது' என்று சொல்லப்படும் பல வேலைகளில் குறை கற்பவரிடம் இருப்பதில்லை. அவருக்கும் புரியும்படி அந்த வேலையை யாரும் இதுவரை யோசிக்கவில்லை என்பதே நிஜம்.

தைத்த படகு தமிழருக்குப் புதிது அல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால்தான் தைத்தார்கள். அலை அடிக்கும்போது தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், படகு உடையாது. பிறகு 1980களில், வள்ளம் குடையப் பெரிய மரங்கள் கிடைப்பது அரிதானபோது, பிளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறை கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளுக்கு வந்தது. முட்டத்தில் அந்த முயற்சியில் ஈடுபட்ட பொறியாளர் பியர் கில்லே 1985இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்', அதாவது 'சிறியது கடினம்'. ஷூமாக்கரின் புகழ்பெற்ற 'ஸ்மால் இஸ் ப்யூட்டிஃபுல்' புத்தகத்துக்கு அது ஒரு செல்லக் குட்டு. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த முறை, இங்கே ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

சரி, பரம்பரைத் தச்சர்களின் நம்பிக்கையில் எந்தப் பாதி சரி? தண்ணீர் யாரையும் மன்னிப்பதில்லை என்ற பாதி. படகு கட்டுவதைவிட, கட்டிய படகை 'மேம்படுத்துகிறேன்' என்று இறங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொக்கி மாட்ட ஒரு திருகாணியை முடுக்குகிறார்கள். பிளைவுட் அந்தத் துளை வழியாக உள்ளுக்குள் நீரைக் குடிக்க ஆரம்பிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பலகை மக்கிக்கொண்டிருக்கும். சரியான வழி, துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவே மறுபடி துளையிடுவது. அரை மணி நேர வேலை ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். மரத்தை மக்க வைப்பதில் கடல்நீரைவிட மழைநீருக்கே பங்கு அதிகம் என்பதும் பலருக்குத் தெரியாது. காற்றோட்டமில்லாமல் மூடிவைத்த படகில் தேங்கும் மழைநீர்தான் பெரிய எதிரி.

பலகையிலும் ஏமாறக் கூடாது. கடையில் 'தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது' என்று சொல்வது போதாது. இந்தியாவில் மரைன் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710 என்ற தர எண் இருக்கிறது. பலகையில் அந்த முத்திரை இருக்க வேண்டும். அதைவிட ஆபத்து, மிதவை அறையில் கை வைப்பது. மிரர் போன்ற படகுகளில் காற்று அடைத்த மூடிய அறைகள் உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பாற்றுபவை அவைதான். 'சும்மாதானே கிடக்கிறது' என்று அதில் ஓட்டை போட்டுச் சாப்பாட்டுப் பை வைக்க இடம் செய்து, மூடி சரியாகப் பொருந்தாமல் விட்டால், உயிர் காக்கும் அறை தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கட்டுபவரின் உடம்பும் முக்கியம். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு அதன் பக்கமே போக முடியாமல் ஆகலாம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. கையுறையும் முகமூடியும் ஆடம்பரம் அல்ல.

பாரி பக்னெலேகூட இந்த விஷயத்தில் அடி வாங்கியவர்தான். பழங்காலத்து அழகிய கதவுகளின்மேல் தட்டையான ஹார்ட்போர்டை அடித்து மறைக்கச் சொல்லிக் கொடுத்தவர் என்று பின்னாளில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். தானே செய்வது என்றால் தோன்றியதை எல்லாம் செய்வது இல்லை. ஒரு பொருளில் எது எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டபின் கை வைப்பது.

அந்தத் தெரிதல்தான் இன்று குறைந்துவருகிறது. படகின் மிதப்பு விசையைப் பத்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதும் மாணவருக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது. ரம்பம் பிடிப்பவருக்கு அந்தச் சூத்திரத்தை யாரும் சொல்லித் தரவில்லை. கை வேலை என்றால் படிக்காதவர் வேலை என்ற எண்ணம் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறது. நஷ்டம் இருவருக்கும்தான். மிரர் படகு பிறந்தது, வீட்டு மராமத்து தெரிந்த ஒருவரும் படகு வடிவமைப்பு தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்.

உடனே எல்லாரும் படகு கட்டக் கிளம்ப வேண்டாம். ஆனால் ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ நான்கு மாணவர்கள் சேர்ந்து, ஒரு தச்சரை ஆசிரியராக உட்காரவைத்து, நாற்காலி மரியாதை கொடுத்து, ஒரு சின்னப் படகைத் தைத்துப் பார்க்கலாம். பிளைவுட்டை முறுக்கும்போது அது எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் உடையும் என்று விரல் கற்றுக்கொள்ளும் பாடம் எந்த வினாத்தாளிலும் வராது. ஒருமுறை கற்றால் மறக்கவும் மறக்காது.