கட்டிலுக்கு அடியில் ஒரு சினை நாய்!

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சேரங்கோடு பக்கம் துணி காய்வதே பெரும்பாடு. அப்படியொரு மழை இரவில், உங்கள் லயன் வீட்டு விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒரு தெருநாய் வந்து சுருண்டு படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு தொங்குகிறது. காம்புகள் தடித்திருக்கின்றன. கிட்டே போனால் குரைக்கக்கூட இல்லை; வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வீர்கள்?

“ரெண்டு வாய் சோறு வைப்போம், விடிஞ்சா அதுவே போயிடும்” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வரும் பதில். பந்தலூர் தாலுகாவில் அந்தப் பதில் போதாது.

காரணம், சிறுத்தை. 2024 ஜனவரியில் பந்தலூர் மேங்கோ ரேஞ்ச் எஸ்டேட்டில் மூன்று வயதுக் குழந்தை சிறுத்தைக்குப் பலியானதை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவை தின்ற இரையின் எடையில் 39 சதவிகிதம் நாய்கள்தான் என்று கண்டார்கள். லயனை ஒட்டிய புதரில் ஒரு நாய் குட்டி போட்டால், அந்தச் சிணுங்கல் சத்தம் யாரை அழைத்து வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இங்கே அடைக்கலம் என்றால் முதலில் ஒரு கதவு. ராத்திரி சாத்திக்கொள்ளும் கதவு. ‘ஃபோஸ்டரிங்’ என்றதும் பங்களாவும் புல்வெளியும் வேண்டும் என்று நினைக்காதீர்கள். டான்டீ லயன் வீட்டின் சின்ன அறையில் கட்டிலுக்கு அடி போதும். சொல்லப்போனால், பயந்த நாய்க்கு அதுதான் பிடிக்கும். இருட்டு, மூன்று பக்கமும் மறைப்பு.

அடுத்த வேலைதான் கஷ்டம்: சும்மா இருப்பது. பாவம் என்று கையை நீட்டித் தலையைத் தடவப் போவோம். நாயின் கணக்கில், மேலிருந்து வரும் கை ஒரு மிரட்டல். கண்ணோடு கண் பார்ப்பதும் அப்படித்தான். அது கொட்டாவி விட்டால் தூக்கம் என்றும், உதட்டை நக்கினால் பசி என்றும் நினைக்காதீர்கள். பல நேரம் இரண்டும் பதற்றத்தின் அடையாளம். சாப்பாட்டையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, அதே அறையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து போனைப் பாருங்கள், சத்தம் இல்லாமல். (நாயைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் வேலை பிறகு.) நீங்கள் இருக்கும்போதே அது வாய் வைத்துச் சாப்பிட்டால், பாதிக் கிணறு தாண்டியாச்சு. அதற்கு இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

இந்தப் பக்கம் இன்னொரு சிக்கல், யானை விரட்டும் வெடி. சத்தம் கேட்ட நொடியில் பயந்த நாய் திறந்திருக்கும் கதவு வழியே பாய்ந்துவிடும். வீட்டுக் குழந்தைகளிடம் கதவு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மூலையில் தள்ளப்பட்ட நாய் கடிக்கவும் செய்யும். கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு எச்சில் வடிகிறது, நடை தள்ளாடுகிறது, தண்ணீரை விழுங்க முடியவில்லை என்றால் அது வெறும் பயமாக இல்லாமல் ரேபிஸாகவும் இருக்கலாம். கிட்டே போகாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசி வாரங்களில் தயிர் சோறு மட்டும் பத்தாது; முட்டை, வேகவைத்த கோழி என்று கொடுங்கள், வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு வேண்டாம். ‘எலும்புக்கு நல்லது’ என்று நீங்களாகக் கால்சியம் மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். குட்டி போட்ட பிறகு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரும் அபாயத்தை அது கூட்டும். தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் மருத்துவர் சொன்ன பிறகுதான்.

பிரசவ நேரத்தில் பக்கத்தில் கூட்டம் வேண்டாம். பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, அல்லது முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் திரவம் கசிகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் குட்டிகளுக்குத் தம் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. நம் ஊர் ஈரத்தில் பசியைவிடக் குளிர்தான் முதல் எதிரி. சாக்குக்கு மேல் காய்ந்த பழைய துணி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் உதவும்.

கண் திறக்க 10 முதல் 14 நாள். மூன்றாவது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரை, குட்டிகள் மனிதர்களைப் பழகிக்கொள்ளும் காலம். புதரில் பிறந்து இந்த நாட்களில் மனித வாடையே படாத குட்டி, தாயைப் போலவே மிரண்டு வளரும். வீட்டுக்குள் பிறந்தது அப்படி ஆக வேண்டியதில்லை. தாய் அனுமதிக்கும் அளவுக்கு தினமும் கொஞ்ச நேரம் குட்டிகளைக் கையில் எடுங்கள்.

எட்டு வாரம் ஆனதும் கேட்டு வருபவர்கள் கடுவன் குட்டியைத்தான் முதலில் தூக்குவார்கள். மிஞ்சுவது பெட்டைக் குட்டிகள். எஸ்டேட் ரோட்டோரம் அட்டைப்பெட்டியில் விடப்படுபவையும் பெரும்பாலும் அவைதான். உங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்ததும் ஒரு காலத்தில் அப்படி விடப்பட்ட பெட்டையாக இருக்கலாம். எனவே குட்டியைக் கொடுக்கும்போதே, வயது வந்ததும் கருத்தடை செய்வதாக ஒப்புக்கொள்கிறவர்களுக்கே கொடுங்கள். ஊட்டியில் வேர்ல்டுவைட் வெட்டர்னரி சர்வீஸ் அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து கால்நடை மருத்துவர்கள் அங்கே வந்து இந்த அறுவை சிகிச்சையைப் பயில்கிறார்கள். மசினகுடி பக்கம் மாவனல்லாவில் ஐபேன் அமைப்பு இருக்கிறது. யோசனை கேட்க நம் மாவட்டத்தில் ஆள் இல்லாமல் இல்லை.

பால் வற்றியதும் தாய்க்கும் அதே சிகிச்சை. முடிந்து வரும்போது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், கருத்தடை ஆனதற்கான அடையாளம். அதற்குள் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வாசல் மிதியடிக்கு வந்திருந்தால், திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை ஆரம்பித்திருக்கும்.