பகையே கொள்கையானால்

இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணத்து உப்பளங்கள் வரையுள்ள சிற்றூர்களில் ஒருவர் எத்தொழிலினர் என்று கேட்பதற்கு முன்பே எக்கட்சியினர் என்று கேட்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. விடை பெரும்பாலும் இரு கழகங்களுள் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. "நல்லதைச் செய்பவர் பக்கம்" என்று விடையளிப்பவரை இரு சாராரும் ஐயுறுகின்றனர். நடுநிலை என்பது கோழைத்தனத்தின் மறுபெயராகிவிட்டது. இப்பிழையை நம் சமுதாயமும் ஏற்றுக்கொண்டதே என் வருத்தம்.

தமிழக அரசியல் என்றும் இப்படி இருந்ததில்லை. 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தவர் கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத். எதிர்க்கட்சி என்றால் எதிரிக்கட்சி என்று அப்பெருமகனார் பொருள் கொண்டதில்லை. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ராஜாஜி ஒரு புறமும் பெரியார் மறு புறமும் நின்றனர். ஆயினும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூறைக் கடந்த பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் வடித்தார். கொள்கையில் இருவரும் இம்மியும் விட்டுக் கொடுத்தவர்கள் அல்லர். மனிதத் தன்மையையும் விட்டுக் கொடுக்கவில்லை.

அதே 1972இன் அக்டோபரில் ஓர் இயக்கம் இரண்டாயிற்று. பிரிந்தவை இரண்டும் அண்ணாவின் பெயரையே சொல்லின. மொழி, மாநில உரிமை, இட ஒதுக்கீடு ஆகியவற்றில் பெரிதாக வேறுபடவும் இல்லை. கொள்கையில் வேற்றுமை குறைந்த இடத்தைப் பகை நிரப்பியது. 1989 மார்ச் 25இல் சட்டமன்றத்துக்குள்ளேயே கைகலப்பு நிகழ்ந்தது. தாமே தாக்கப்பட்டதாக இரு தரப்பாரும் முறையிட்டனர். 2001 ஜூன் 30இல் பொழுது விடியுமுன் முன்னாள் முதல்வர் ஒருவர் தம் இல்லத்திலிருந்து கைது செய்து கொண்டு செல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் கடற்கரையில் நின்ற கண்ணகி சிலை அகற்றப்பட்டது. 2006இல் ஆட்சி மாறியபின் மீண்டும் நிறுவப்பட்டது. சிலைக்குப் பசியில்லை, ஆகையால் அது பொறுத்துக்கொண்டது.

பசியுள்ளவர்களின் கதை வேறு. 1989இல் தி.மு.க. அரசு ஏற்படுத்திய மக்கள் நலப் பணியாளர் பணியிடங்கள் 1991இல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டன. அடுத்த தி.மு.க. ஆட்சியில் பணி மீண்டது, 2001இல் பறிபோயிற்று. 2006இல் மீண்டது, 2011இல் ஏறத்தாழ 13,500 பேர் மறுபடியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இவர்கள் அமைச்சர்களா? சிற்றூரில் சொற்ப ஊதியத்துக்கு உழைத்த எளியோர்! வேலை பறிபோன நாளில் ஊரில் பாதிப் பேர் வாய் திறக்கவில்லை. காரணம் என்ன? "அவர்கள் அந்தக் கட்சி ஆட்கள்" என்பதே.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பாருங்கள். 1956இல் காமராசர் விரிவாகத் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார், 1989இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். ஆட்சிகள் மாறின, சோற்றுப் பானையைக் கவிழ்க்க எவரும் துணியவில்லை. கவிழ்த்தால் எந்தக் கொடி பறக்கும் வீடாயினும் தாய்மார்கள் தட்டிக் கேட்பார்கள் என்பதை ஆள்வோர் அறிவர். ஆக, தலைவர்களை நிதானத்தில் நிறுத்துவது அவர்களுடைய பெருந்தன்மை அன்று, மக்களின் நீதியுணர்ச்சியே. அவ்வுணர்ச்சி மழுங்கினால் தலைவர்களின் பகைக்குக் கடிவாளம் இல்லை.

மதுவின் கதை இதனினும் கொடிது. 1971இல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியது. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சி டாஸ்மாக்கைத் தோற்றுவித்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அரசுடைமை ஆக்கியது. எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டவர்கள் இதில் மட்டும் ஒருவர் வழியை ஒருவர் செப்பனிட்டனர்! 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்போதும் "எவர் ஆட்சியில்?" என்ற கேள்வி எழுந்த வேகத்தில், "இந்நாட்டுக்கு மது ஏன்?" என்ற கேள்வி எழவில்லை.

நாம் என்ன செய்தோம்? மது விலக்கப்பட்டது என்று மிம்பரில் கேட்டுவிட்டு, வெளியே வந்து நம் கட்சியின் மதுக்கடைக்குச் சமாதானம் தேடினோம். ஜமாஅத் நிர்வாகத்தில் கட்சி பார்த்தோம். சம்பந்தம் பேசும் இடத்திலும் கட்சி பார்த்தோம். இந்தச் சமுதாயத்தை நடுநிலைச் சமுதாயம் என்று திருமறை (2:143) அழைக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்யலாகாது என்றும் (5:8) எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் ஓதுகிற நாவால் அண்டை வீட்டாரைக் கட்சிப் பெயரால் ஏசுவது தகுமா?

"சிறுபான்மையினர் ஒரு பக்கம் சேராவிட்டால் கேட்பாரற்றுப் போவோம்" என்பார் சிலர். சேருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. 1967இல் முஸ்லிம் லீகும் ஓர் அணியில் நின்றதே! ஆனால் உடன்பாடு வேறு, அடிமை முறி வேறு. நட்புக் கட்சியின் தவற்றை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும், எதிர்க் கட்சியின் நன்மையை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இல்லாத கூட்டணிக்கு வாக்கு எண்ணிக்கை உண்டு, மதிப்பு இல்லை.

அடுத்த முறை நம் ஊரில் எளியவர் ஒருவரின் வேலை கட்சியின் பெயரால் பறிக்கப்படும்போது, அவர் எதிர்க் கட்சிக்காரர் என்று தெரிந்த பின்னும் அவருக்காக முதற் குரல் பள்ளிவாசல் தெருவிலிருந்து எழட்டும். நடுநிலைச் சமுதாயம் என்ற பெயருக்கு நாம் தகுதியுடையோர் என்பதற்கு அதுவே சான்று. வல்ல இறைவன் அத்துணிவை நமக்கு அருள்வானாக.