மூத்தவர் கற்பிக்கட்டும், இளையவர் திருத்தட்டும்

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மத்திய நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யப்பட்டபோது, ஆண்டுக்கு ரூ. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்ற அறிவிப்பே நாடெங்கும் பேசுபொருளானது. அந்த ஆரவாரத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போன அறிவிப்பு ஒன்று உண்டு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்பதே அது.

மாணவர்கள் தங்கள் கைகளால் கருவிகளைச் செய்து பார்க்க வேண்டும் என்ற நோக்கத்துடன் நீதி ஆயோக் 2016-இல் தொடங்கிய திட்டம் இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கானது. ஒரு பள்ளிக்கு ரூ. 20 லட்சம் வரை மானியம். ஆய்வகம் அமைக்கப் பாதி, ஐந்தாண்டு நடத்தப் பாதி. இதுவரை 10,000 பள்ளிகள் இதைப் பெற்றுள்ளன. புதிதாக 50,000 சேர்ந்தாலும், தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்து நாட்டில் உள்ள 14.7 லட்சம் பள்ளிகளில் நூற்றுக்கு நான்கு பள்ளிகளில்தான் இந்த அறை இருக்கும்.

அறையைப் பெற்ற பள்ளிகளிலும் கேள்வி முடிந்துவிடவில்லை. முப்பரிமாண அச்சுப்பொறியும் ரோபோ உதிரிபாகங்களும் வாங்கி வைத்தாயிற்று. அவற்றைத் தொடப்போவது யார்? போட்டிக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்படும் நான்கைந்து மூத்த மாணவர்கள் மட்டுமா, அல்லது ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமியுமா?

உண்மையில், கற்றுத்தர வேண்டியது கருவியை அல்ல. கருவிக்கு முன்னால் நிகழ வேண்டிய சிந்தனையை. அதைத்தான் கல்வியாளர்கள் வடிவமைப்புச் சுழற்சி என்கின்றனர். பிறருக்கு உள்ள இடர்ப்பாட்டைக் கண்டுணர்வது, அதைத் தெளிவாக வரையறுப்பது, பல வழிகளை யோசிப்பது, மலிவான பொருளில் முன்மாதிரி செய்வது, பயன்படுத்துபவரிடமே கொடுத்துச் சோதிப்பது, தவறினால் திருத்துவது, மீண்டும் தொடங்குவது. சுழற்சி என்ற சொல்லிலேயே பொருள் இருக்கிறது. முதல் முயற்சியில் முடிந்துவிடுவது எதுவும் இல்லை என்பதே இதன் அடிப்படைப் பாடம்.

ஜெய்ப்பூர் செயற்கைக் கால் இதற்குச் சிறந்த சான்று. 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில், எலும்பு முறிவு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதிகம் பள்ளிக்கல்வி பெறாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து அதை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் தரத்தில் குறைந்ததல்ல. ஆனால், அதை அணிந்த இந்திய விவசாயியால் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை, குந்த முடியவில்லை, வெறுங்காலுடன் வயலில் நடக்க முடியவில்லை. அணிபவரின் வாழ்க்கையைப் பார்த்த பிறகே, ரப்பரும் மரமும் கொண்டு மலிவான, வளைந்து கொடுக்கும் கால் பிறந்தது. கண்டுபிடிப்பு தொடங்கியது கருவியில் அல்ல, கவனிப்பில்.

நமது பள்ளி அறிவியல் இதற்கு நேர்மாறானது. சோதனையின் முடிவு பாடநூலில் முன்பே அச்சாகியிருக்கிறது. அந்த முடிவு வராவிட்டால் மாணவன் குறிப்பேட்டைத் திருத்துகிறானே தவிர, தன் சோதனையைத் திருத்துவதில்லை. தோல்வியைப் பதிவு செய்தால் மதிப்பெண் குறையும் என்று அவனுக்குத் தெரியும். இத்தகைய பள்ளியில் வடிவமைப்புச் சுழற்சியும் ஐந்து மதிப்பெண் வினாவாக மாறுவதற்கு வெகுநாள் ஆகாது. 'படத்துடன் விளக்குக' என்று கேட்பார்கள். வட்டமும் அம்புக்குறிகளும் வரைந்து மாணவர்கள் தேறிவிடுவார்கள்.

அப்படியானால் இதை யார் கற்பிப்பது? தேர்தல் பணி, கணக்கெடுப்பு, இணையப் பதிவு என்று ஏற்கெனவே சுமை தாங்கும் ஆசிரியர் மீது இன்னொரு பாடத்தை ஏற்றுவது நியாயமல்ல. விடை பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆறாம் வகுப்பினருக்குக் கற்பிக்கட்டும். அதையே அவர்களின் செயல்திட்டமாக வைக்கலாம்.

இது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் பழகிய உள்ளூர்ச் சிறுவர்களைக் கண்டார். மூத்த மாணவனைக் கொண்டு இளையவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் இல்லத்தில் செயல்படுத்தினார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

அதே வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஏழைக் குழந்தைகளுக்குச் சிக்கனமாகக் கல்வி தரும் உபாயமாக மதராஸ் முறை அங்கே பயன்பட்டது. ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் சிறுவர்கள் நிறுத்தப்பட்டனர். கற்றல் மனப்பாடமாகச் சுருங்கியது. இந்தியாவில் 2024-25 கணக்கெடுப்பின்படி ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். இங்கே மூத்த மாணவர்களை ஆசிரியர் பற்றாக்குறைக்கு மாற்றாகக் காட்ட எந்த அரசுக்கும் இடம் கொடுத்துவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை சக மாணவர் கற்பித்தலைப் பரிந்துரைக்கும்போதும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையிலேயே அது நடக்க வேண்டும் என்கிறது. மூத்த மாணவன் ஆசிரியரின் இடத்தை நிரப்ப வருபவன் அல்லன். தானும் கற்றுக்கொள்ள வருபவன்.

எனவே, இந்தச் செயல்திட்டத்தை எப்படித் திட்டமிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால், அவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பதை ஊகிக்கலாம். சுழற்சியின் படத்தைத் திரையில் காட்டி அரை மணி நேரம் உரையாற்றத் திட்டமிடுவார்கள். தாங்கள் கற்பிக்கப்பட்ட விதத்தில்தானே அவர்களும் கற்பிப்பார்கள்? அந்த முதல் திட்டத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் சோதித்துப் பார்க்கட்டும். பத்தாவது நிமிடத்தில் இளையவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கும்போது, தங்கள் முன்மாதிரி தோற்றுவிட்டதை மூத்தவர்களே உணர்வார்கள். வடிவமைப்புச் சுழற்சி அவர்களுக்குப் புரியத் தொடங்கும் தருணம் அதுதான்.

ஏனெனில், இங்கே வடிவமைக்கப்படும் பொருள் ஒரு பாடம். பயன்படுத்துபவர்கள் ஆறாம் வகுப்புக் குழந்தைகள். ஆகவே, கற்பிக்கும் முன் அவர்களைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு நேரம் பொறுமையாக அமர்கிறார்கள்? எதைக் கையில் கொடுத்தால் ஆர்வம் பிறக்கிறது? வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள்? தலைநகர் தில்லியின் ஒரே வகுப்பறையில் ஹிந்தி, பஞ்சாபி, போஜ்புரி, வங்காளம், தமிழ் பேசும் வீடுகளின் குழந்தைகள் சேர்ந்து அமரும் நிலையில், இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மதிய உணவுக்கு முன் பிள்ளைகள் கைகழுவும் குழாயடி. ஆறு பேர் கொண்ட மூத்த மாணவர் குழு ஒன்று, முப்பது இளையவர்களுடன் ஆறு சனிக்கிழமைகளில் இதைச் செயல்திட்டமாக எடுத்துக் கொள்வதாக வைத்துக் கொள்வோம்.

முதல் வாரம் கவனிப்பு மட்டுமே. இளையவர்கள் குழாயடியில் நின்று, யார் கைகழுவாமல் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று குறித்துக் கொள்ள வேண்டும். சோப்பு இல்லாததே காரணம் என்று மூத்தவர்கள் முன்கூட்டியே நினைத்திருக்கலாம். கவனித்தால் குழாய் எட்டாததே காரணமாக இருக்கலாம். கை நீட்டினால் சட்டை நனைகிறது என்பதால் சிறுவர்கள் விலகிச் செல்லலாம். இரண்டாம் வாரம், இடர்ப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். இதுவே மிகக் கடினமான வேலை. மூன்றாம் வாரம், எந்த யோசனையையும் கேலி செய்யாமல் எல்லாவற்றையும் படமாக வரைய வேண்டும். நான்காம் வாரம், வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில், பழைய சைக்கிள் டியூப், சணல் கயிறு ஆகியவற்றைக் கொண்டு குழாய் நீரைச் சிறுவர் கைக்குக் கொண்டு வரும் முன்மாதிரிகள். ஐந்தாம் வாரம் சோதனை. ஒன்று ஒழுகும், ஒன்று கழன்று விழும். ஆறாம் வாரம் திருத்தம்.

சுழற்சியின் படம் கரும்பலகைக்கு வர வேண்டியது அப்போதுதான். செய்து முடித்ததற்குப் பெயர் சூட்டினால் அந்தப் பெயர் நிலைக்கும். பெயரை முதலில் சொன்னால் அது மனப்பாடம் ஆகும்.

இதில் மூத்தவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு அவசியம். கத்தரிக்கோல் இளையவர் கையில்தான் இருக்க வேண்டும். தம்பி தடுமாறும்போது அண்ணன் வாங்கிச் செய்து கொடுத்துவிடுவதுதான் இயல்பு. அது அன்பாக இருக்கலாம், கல்வி ஆகாது. 'உன் யோசனை தவறு' என்பதற்குப் பதில் 'இது எங்கே ஒழுகுகிறது?' என்று கேட்கப் பழக வேண்டும். ஒவ்வொரு வார முடிவிலும் 'எது புரியவில்லை?' என்று இளையவர்களிடம் கேட்டு, அடுத்த வாரத் திட்டத்தை மாற்ற வேண்டும். கற்பிப்பவரைக் கற்பவர் திருத்தும் வாய்ப்பு நமது பள்ளிகளில் வேறெங்கே இருக்கிறது?

இவையெல்லாம் ஏட்டளவு ஆசைகள் அல்ல. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், நடுநிலை வகுப்பு மாணவர்களைக் குழுக்களாகச் சேர்த்து, புத்தகப் பை, எடை தூக்கும் காற்றாலை மாதிரி, பொம்மலாட்டப் பொம்மை ஆகியவற்றை வடிவமைத்துச் செய்யவைத்து ஆராய்ந்திருக்கிறது. ஆமதாபாதில் கல்வியாளர் கிரண் பீர் சேத்தி 2009-இல் தொடங்கிய இயக்கம், சுழற்சியை 'உணர், கற்பனை செய், செயல்படு, பகிர்' என்று நான்கே சொற்களில் சுருக்கி, பல நாடுகளின் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது.

ஆனால், நல்ல முயற்சிகள் இங்கே எப்படி முடிகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமக் குழந்தைகள் தாங்களே சோதனை செய்து விதிகளைக் கண்டறியும் வழியைக் காட்டியது. விலை உயர்ந்த ஆய்வகம் எதுவும் இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதலாம். செய்முறைக்கும் தேர்வு உண்டு. சுமார் ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. முப்பது ஆண்டு உழைப்பை முடிக்க ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது.

அந்த நிலை மீண்டும் வராமல் இருக்க அரசு செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, நேரம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாள்கள் புத்தகப் பையில்லா நாள்கள் என்று தேசிய கல்விக் கொள்கை கூறுகிறது. அவற்றில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். இரண்டாவது, சிறு தொகை. அட்டைக்கும் கயிற்றுக்கும் லட்சங்கள் தேவையில்லை. தலைமையாசிரியர் தாமே செலவிடும் சில நூறு ரூபாயும், அதற்குத் தணிக்கை அச்சமின்மையும் போதும். மூன்றாவது, மதிப்பீடு. முடிந்த பொருளுக்கு அல்ல, தோல்வியும் திருத்தமும் பதிவான குறிப்பேட்டுக்கே மதிப்பு தர வேண்டும். நான்காவது, ஆய்வகம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் அருகில் உள்ள ஆய்வகம் இல்லாத பள்ளிக்குத் தன் மூத்த மாணவர்களை அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை.

பொதுத் தேர்வு நெருங்கும் பிள்ளைகளின் நேரம் வீணாகாதா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பினரை விட்டுவிடலாம். ஆனால், ஒன்றைப் பிறருக்கு விளக்க முயன்றால்தான் தனக்கு அது எவ்வளவு தெரியும் என்பது தெரியவரும் என்பதை எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஒன்பதாம் வகுப்பு மாணவி செலவிடும் ஆறு சனிக்கிழமைகள் அவளுக்கு இழப்பல்ல.

இதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. கையால் செய்பவர் ஒரு சாதி, மூளையால் திட்டமிடுபவர் இன்னொரு சாதி என்று நூற்றாண்டுகளாகப் பிரித்து வைத்த நாடு இது. சிந்திப்பவரே செய்யவும், செய்பவரே சிந்திக்கவும் பழகும் வகுப்பறை, அந்தப் பிரிவினையின் வேரை அசைக்கும். நமக்காக எங்கோ யாரோ தீட்டும் திட்டங்களை, பயன்படுத்துபவன் என்ற முறையில் 'இது எனக்கு எட்டவில்லை' என்று சொல்லும் துணிவு குடிமகனுக்கு வேண்டும். அந்தத் துணிவைப் பதினோரு வயதில் பள்ளிக் குழாயடியில் பழகட்டும்.

50,000 ஆய்வகங்கள் வரட்டும், வரவேற்போம். அவற்றின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே கேட்டு வைப்போம்.